ஒரு கண்ணைச் சுருக்கி வைத்திருக்கும் பூனை

பூனை ஒரு கண்ணை மட்டும் சுருக்கி வைத்திருந்தால் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கண் வலிக்கிறது. நாய் முனகும், மாடு கத்தும், பூனை வலியைப் பெரும்பாலும் ஒளித்துத்தான் வைக்கும். கண்ணைச் சுருக்குவது, முன்காலால் தேய்ப்பது, வெளிச்சத்தைக் கண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பது, இவ்வளவுதான் அது நமக்குத் தரும் தகவல். பீளை தள்ளுவதும் கண் வெள்ளை பூப்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியும். கண்ணில் கடுமையான புண் என்றால் ஓரிரு நாளிலேயே கண் உடைந்து போகவும் கூடும்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை கடந்த மாரி வெள்ளத்தோடு வந்து சேர்ந்தது. கிரான் - புலிபாய்ந்தகல் வீதியைத் தண்ணீர் மூடும்போதெல்லாம் இந்தப் பக்கம் மனிதர்கள் மட்டும் கரையேறுவதில்லை. வரும்போதே அதன் வலது கண் வீங்கி வெளியே தள்ளியிருந்தது. இடது கண்ணை இமையோடு இமை ஒட்டிப் பீளை மூடியிருந்தது. ஓயாமல் தும்மியது. அதைப் பராமரித்த நாட்களில் வைத்தியரிடம் கேட்டதையும் படித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். பூனைக்குக் கண் நோய் வந்தால் எங்கள் ஊர்களில் யாரிடம் கேட்பது என்றே பலருக்குத் தெரிவதில்லை.

தும்மலும் கண் பீளையும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூனைகளுக்கான ஹேர்ப்பீஸ் வைரஸ். இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பூனையின் உடலுக்குள் ஒருமுறை புகுந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். குளிர், பசி, பயம், புதிய இடம் என்று உடல் தளரும் நேரம் பார்த்து மறுபடி வெளியே வரும். அதனால்தான் வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் கண் ஒட்டிய பூனைகள் அதிகமாகத் தென்படுகின்றன என்று நினைக்கிறேன். கிளமிடியா என்ற பக்டீரியாவும் கண்ணைச் சிவக்க வைத்து வீங்கச் செய்யும். இவை தவிர, கச்சான் காற்று அள்ளி வரும் மணல், சூடடிக்கும் காலத்து நெற்சுணை, இன்னொரு பூனையின் நகம், எல்லாமே கண்ணில் புண்ணை உண்டாக்கக்கூடியவை.

புண் வருவது கருமணிக்கு மேலே கண்ணாடி போல மூடியிருக்கும் படலத்தில். பாடசாலையில் விழிவெண்படலம் என்று படித்திருப்போம். பூனைக்கு அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். மேல்தோல் மட்டும் உரிந்தால், தொற்று இல்லாவிட்டால், ஒரு கிழமைக்குள் ஆறிவிடும். புண் ஆழமானால் படலம் உருகிக் கண் ஓட்டையாகிவிடும். வெறும் கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. வைத்தியர் புளோரசின் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை, கண்ணின் தலைவிதியே அதில் தெரிந்துவிடும்.

அந்தச் சாயப் பரிசோதனைக்கு முன்னர் செய்யக்கூடாத ஒன்று உண்டு. வீட்டில் கிடக்கும் மனிதருக்கான கண் துளிமருந்தை விடுவது. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் உள்ள வீடுகளில் பாதி தீர்ந்த போத்தல் ஒன்று அலுமாரியில் இருக்கும். எங்களுக்கும் அப்படி ஒன்றைப் பக்கத்து வீட்டு மச்சாள் நல்ல மனதோடு கொண்டுவந்தார். சிட்டையில் டெக்ஸாமெதசோன் என்று இருந்தது. அது ஸ்டீரொயிட். சிவப்பையும் வீக்கத்தையும் உடனே குறைக்கும், பார்ப்பவருக்குக் கண் சுகமாவது போலத் தோன்றும். உள்ளே புண் ஆறாமல் நின்றுவிடும், வைரஸ் பெருகும், படலம் உருகும். பிரெட்னிசொலோன் என்று இருந்தாலும் இதே கதைதான். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேயிலைச் சாயம் இவற்றையும் புண்ணான கண்ணில் விடாதீர்கள். வலிக்குப் பனடோல் கொடுப்பது பூனையைக் கொன்றுவிடும், ஒரு குளிசையே போதும். மனிதரின் ஹேர்ப்பீஸுக்குக் கொடுக்கும் வலசைக்ளோவிர் குளிசையும் பூனைக்கு நஞ்சு.

வீட்டில் செய்யக்கூடியது சுத்தம். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முக்கால் தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிடுங்கள். சுத்தமான பஞ்சை அதில் நனைத்து ஒட்டிய பீளையின் மேல் சிறிது நேரம் வைத்தால் ஊறிவிடும். பிறகு மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடைக்கலாம். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு, துடைத்ததை எறிந்துவிட வேண்டும். பிறந்த குட்டிகளுக்குக் கண் திறப்பது ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள். அதற்கு முன்பே மூடிய இமை புடைத்திருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதையும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியர் தந்த மருந்தை விடுவதுதான் பெரிய பாடு. பூனையைத் துவாயால் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, உங்கள் மடியில் உங்களுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். போத்தலை முன்னாலிருந்து கொண்டுவந்தால் அது மிரளும், தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவாருங்கள். இரண்டு துளிமருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும், களிம்பு கடைசியில். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி தேவையா என்று கேளுங்கள். வந்தேறிய பூனை என்றால் இதில் கவனக்குறைவே கூடாது.

மூக்கு அடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரல் பழுதாகத் தொடங்கும். மீனை இளஞ்சூடாக்கிக் கொடுத்தால் மணம் எழும். எங்கள் பூனை முதலில் தொட்டது சூடாக்கிய செத்தல் மீன்தான்.

கோறளைப்பற்று தெற்கில் மிருக வைத்தியம் என்றால் மாடும் ஆடும்தான். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கிய பிரதேசம் இது, மாடு இங்கே சீவியம். அதனால் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு போகும்போது சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அரச கால்நடை வைத்தியருக்குப் பூனையையும் பார்க்கத் தெரியும். கண்ணில் சாயம் விட்டுப் பார்க்கும் வசதி அங்கே இல்லாவிட்டால், எங்கே போவது என்றாவது சொல்வார். மிகச் சிக்கலான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. இங்கிருந்து தூரம்தான்.

எங்கள் பூனையின் இடது கண்ணில் புண் மேலோட்டமாக இருந்தது, மருந்துக்கு ஆறியது. வலது கண் ஏற்கனவே உடைந்து, உள்ளே சீழ் பிடித்திருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றார் வைத்தியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. முடிவு சொன்னது மாமி. 1990 இல் ஷெல் துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர் அவர்.

“அது இனிப் பாக்கிற கண்ணில்ல மனே, நோகிற கண். எடுத்தாத்தான் நித்திரை வரும். எனக்குத் தெரியும்,” என்றார்.

வைத்திய விளக்கமும் அதேதான். பார்வை போய் வலி மட்டும் மிஞ்சிய கண்ணை வைத்திருப்பதால் பூனைக்கு நன்மை இல்லை, தொற்று உள்ளே பரவவும் இடமுண்டு. முழு மயக்கத்தில் கண்ணை எடுத்து இமைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். பத்து முதல் பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கலாம். அதுவரை காலால் கீறாமல் கழுத்தில் புனல் போன்ற பட்டி போட வேண்டும். பிறகு மயிர் வளர்ந்து தையல் மறைந்துவிடும். எங்கள் பூனை மூன்றாம் நாளே சாப்பாட்டுக்குச் சத்தம் போட்டது.

ஒற்றைக் கண் பூனை முதல் சில கிழமைகள் பாய்ச்சலைத் தவறாகக் கணக்கிடும். மதிலில் ஏறப்போய் விழும். தூரத்தை அளக்கத் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும், பிறகு பழகிவிடும். இரண்டு கண்ணும் போன பூனையும் மீசையாலும் காதாலும் வீட்டுக்குள் நடமாடும். அதற்குச் சோற்றுக் கோப்பையையும் தண்ணீரையும் மணல் பெட்டியையும் இடம் மாற்றக்கூடாது, கதிரை மேசையை அடிக்கடி நகர்த்தக்கூடாது, கிணற்றுக்குக் கட்டில்லாவிட்டால் மூடி போட வேண்டும். தொடுவதற்கு முன்பு பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் திடுக்கிட்டுக் கீறும். எங்கள் பூனைக்கு வலப்பக்கம் தெரியாது. அதனால் மாமி எப்போதும் இடப்பக்கமாக வந்துதான் சோறு வைக்கிறார்.