ஹெல்மெட்: தலைக்கா? போலீசுக்கா?

சென்னை அண்ணா சாலையில் காலை 9 மணிக்கு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால் தெரியும். பெட்ரோல் டேங்க் மீது சொகுசாக உட்கார்ந்து வரும் ஹெல்மெட், சிக்னலில் வெள்ளைச் சட்டைப் போலீஸ்காரரைக் கண்டதும் எகிறித் தலையில் ஏறும். சிக்னலைத் தாண்டியதும் மறுபடி டேங்குக்கே இறங்கி விடும்!

தலையிலேயே இருக்கிற ஹெல்மெட்டுகளின் கதையும் பெரிதாக வேறு இல்லை. தாடைக்குக் கீழே மாட்ட வேண்டிய வார் இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டு வருகின்றன. "லாக்" போடுவதில்லை. வண்டி சாய்ந்தால் முதலில் பறந்து போவது அந்த ஹெல்மெட்தான். தலை வெறுமனேதான் தரையைத் தொடும்.

ஹெல்மெட் போடணுமா, வேண்டாமா என்கிற சண்டை இந்த ஊரில் இன்று நேற்று வந்தது அல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவே ஹெல்மெட் கட்டாயம் என்று சொல்லி விட்டது. தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தலைகள் ரோட்டில் இருந்தன. இரண்டும் சந்திக்கவே பல வருஷம் ஆயிற்று.

2007-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. ஜூன் 1-ந் தேதி முதல் சென்னை போன்ற மாநகரங்களில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். ஆனால் பின்னால் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். ஏக எதிர்ப்பு. கொஞ்ச நாளிலேயே பிடி தளர்ந்தது. வாங்கிய ஹெல்மெட்டுகள் பரணுக்குப் போயின.

விலை எகிறியது

2015-ல்தான் நிஜமான கலாட்டா. விபத்து நஷ்டஈடு வழக்கு ஒன்றில் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி என்.கிருபாகரன் போட்ட உத்தரவு ஊரையே உலுக்கி விட்டது. ஜூலை 1-ந் தேதி முதல் ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும். போடாவிட்டால் லைசென்சும் வண்டிக் காகிதங்களும் பறிமுதல். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட்டை வாங்கி, ரசீதோடு வந்து காட்டினால்தான் அவை திரும்பக் கிடைக்கும்.

அவ்வளவுதான்! ஜூன் கடைசி வாரத்தில் ஹெல்மெட் கடைகளில் ரேஷன் கடை போலக் கூட்டம். சரக்கு தீர்ந்தது. விலை எகிறியது. பிளாட்பாரத்தில் குவித்து வைத்த பிளாஸ்டிக் சட்டிகள் கூட நிமிஷத்தில் பறந்தன. முத்திரையைப் பார்த்து வாங்கியவர் சிலர். போலீசுக்குக் காட்ட ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று வாங்கியவர் பலர்.

எதிர்ப்பு என்ன?

டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சை எடுத்தால் பத்து வாய் பேசும். "முடி கொட்டுது அண்ணே" என்பார் ஒருவர். "பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா காதுல விழுமா?" என்பார் இன்னொருவர். "மே மாச வெயில்ல தலைல அடுப்பை வெச்ச மாதிரி இருக்குய்யா" என்பார் மூன்றாமவர். "முதல்ல ரோட்டுல இருக்கிற பள்ளத்தை மூடச் சொல்லு, அப்புறம் என் தலையை மூடறேன்" என்று ஒருவர் முடிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சென்னை வெயில் பொய்யா? ஆபீசில் ஹெல்மெட்டை வைக்க இடம் ஏது? வண்டியில் மாட்டி விட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்கும் என்று என்ன நிச்சயம்? முகத்தை மூடிய ஹெல்மெட்டோடு வந்து சங்கிலி பறிக்கிற திருடனும் இருக்கிறான். வளைவில் மறைந்து நின்று திடீரென்று பாய்ந்து மறிக்கிற போலீசார் மேல் ஜனங்களுக்கு எரிச்சல் இருப்பதும் உண்மை.

முடி சமாச்சாரம் வேறு. வழுக்கை பெரும்பாலும் அப்பா, தாத்தா வழியில் வருவது. ஹெல்மெட் மேல் பழி போடுவது வீண். உள்ளே வியர்வையும் அழுக்கும் ஊறினால் பொடுகும் அரிப்பும் வரலாம். பருத்திக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மேலே போட்டால், உள் துணியை அவ்வப்போது அலசினால், அந்தத் தொல்லை பாதி தீர்ந்தது. ஹாரன் சத்தத்தோடு சேர்ந்து சொந்த வண்டியின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் குறைவதால், ஹாரன் தனியாகக் கேட்கத்தான் செய்யும்.

"பக்கத்துத் தெருவுக்குத்தானே, 20-ல்தானே போறேன்" என்கிற வாதம்தான் ஆளைக் கொல்கிறது. வண்டி ஓடவே வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை நேராகத் தரையில் விழுந்தாலே, மோதும் வேகம் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். தார் ரோட்டுக்கு அது போதும்.

ஹெல்மெட்டின் வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு மட்டும் அல்ல. உள்ளே இருக்கிற தெர்மாகோல்தான் முக்கியம். அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான். விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை "வெளியே ஒண்ணும் ஆகலையே" என்று தம்பிக்குக் கொடுப்பது தம்பிக்குச் செய்கிற துரோகம். பிளாட்பாரத்துச் சட்டியில் இந்தத் தெர்மாகோல் ஒழுங்காக இருக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் தடை. ஆனாலும் சட்டி சட்டியாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

லாரன்ஸ் செத்த கதை

ஹெல்மெட்டுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. "அரேபியா லாரன்ஸ்" என்று பேர் வாங்கிய இங்கிலாந்து வீரர் டி.இ.லாரன்ஸ், 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் போனார். முன்னால் சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். பெரிய யுத்தத்தில் தப்பியவர், ஆறாம் நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மூளை ஆபரேஷன் நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் சும்மா இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் அடிபட்ட ராணுவ வீரர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்த நாட்டிலேயே பொதுஜனங்களுக்குச் சட்டம் வந்தது 1973-ல்தான். அங்கேயும் சண்டை நடந்தது!

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் சாவு அபாயத்தை சுமார் 42 சதவீதமும் தலைக் காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கு வந்திருக்கிறது. போட்டால் சாவே வராது என்பதில்லை.

வீட்டுக்கு ஒரே ஹெல்மெட்

மாம்பலம், புரசைவாக்கம் பக்கம் சாயங்காலம் போகிற ஸ்கூட்டர்களைப் பார்த்தால் ஒன்று உறைக்கும். ஓட்டுகிற கணவர் தலையில் ஹெல்மெட். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த மனைவியின் தலையில் மல்லிகைப் பூ. நடுவில் நசுங்குகிற மகளுக்கு ரெட்டை ஜடை. முன்னால் நிற்கிற பையனுக்கு ஒன்றுமே இல்லை. யார் தலைக்கு அபராதமோ அந்தத் தலைக்கு மட்டும் ஹெல்மெட்!

அபராதம் 100 ரூபாயாக இருந்த காலத்தில் அந்த ஒரு தலைக்கே சந்தேகம். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அது 1,000 ரூபாய் ஆன பிறகுதான் ஓட்டுகிறவர் பயந்தார். பின்னால் இருப்பவர்களையும் விட மாட்டோம் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீசார் தனியாக வேட்டையில் இறங்கியதும் அதே 2022-ல், மே 23-ந் தேதி முதல்தான். 2007-ல் கொடுத்த விலக்கு ஜனங்கள் மனசில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது போலும்.

மத்திய அரசின் கணக்கே பேசுகிறது. 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்ல. பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டால், ஒருபக்கமாக உட்கார்ந்த பெண்ணுக்குப் பிடிமானம் குறைவு. பிடரிதான் முதலில் அடிபடும்.

இரண்டாவது ஹெல்மெட்டுக்குக் காசு இல்லையா? இதையும் தெரிந்துகொள்ளலாம். மத்திய மோட்டார் வாகன விதி 138-ன்படி, புது வண்டி வாங்கும்போது தரமான ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளரே கூடக் கொடுக்க வேண்டும். ஷோரூமில் கேட்டு வாங்கினால் அது ஓட்டுகிறவருக்கு. கைக்காசு போட்டு வாங்குவது மனைவிக்கு ஆகட்டுமே.

பிள்ளைகள் சங்கதி இன்னும் மோசம். நாலு வயசுக்கு மேல் என்றால் சட்டப்படி ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது. ஒன்பது மாசம் தாண்டிய குழந்தைக்கு அளவான ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் ஸ்கூட்டர்களில் அந்தப் பட்டையைக் காண்பது அபூர்வம். டிபன் கேரியருக்குக் கொக்கி இருக்கிறது. புத்தகப் பைக்கும் இடம் இருக்கிறது. குழந்தை மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு முன்னால் நிற்கிறது.