உழவு இயந்திரத்தின் றேடியேற்றரைத் துப்புரவு செய்தல்

டீசல் எஞ்சினில் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை நீரே ஏந்தி வெளியேற்றுகின்றது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த மாசி பேகசன் 35 போன்ற பழைய இயந்திரங்களில் இந்நீரோட்டம் தடைப்படின், எஞ்சின் தலை வளைந்துவிடும். உழவு நாளிலோ சூடு மிதிக்கும் நாளிலோ இவ்வாறு நேர்ந்தால் இழப்பு பெரிது.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. ஆதலின் கேத்தலின் அடியிற் போலவே எஞ்சினுள்ளும் கற்படிவு உண்டாகும். சப்பிரகமுவாவின் மலைநீரோ மென்மையானது. இங்கே பகை சேறும் துருவுமே. அவசரத்துக்கு வயல் வாய்க்காலிலோ, மாணிக்கக் குழி நீர் கலந்த ஓடையிலோ வாளியால் அள்ளி ஊற்றும் வழக்கமே இதற்குப் பெருங்காரணம். துணியில் வடித்த பீலி நீரையோ மழைநீரையோ, துருத்தடுக்கும் கூலன்றுடன் கலந்து ஊற்றுதல் வேண்டும்.

துப்புரவு செய்யுமுன் எஞ்சினை இளஞ்சூடாகும்வரை ஆறவிடுக. கொதிக்கும்போது மூடியைத் திறந்தால் நீராவி சீறி முகத்தை வேகச் செய்யும். றேடியேற்றரின் அடித்திறப்பை மட்டுமன்றி, எஞ்சின் உடலிலுள்ள திறப்பையும் திறத்தல் வேண்டும். பலர் மறப்பது இதனையே. சேறு தங்குவதும் அங்கேதான். நீர் வராவிடின் மெல்லிய கம்பியாற் குத்தி அடைப்பை நீக்குக. பின்னர் மேல், கீழ் இறப்பர்க் குழாய்களைக் கழற்றி, றேடியேற்றரின் கீழ்வாய் வழியாகப் பீலி நீரை மேல்நோக்கிச் செலுத்துக. நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகப் பாய்வதால், குழாய்களிற் சிக்கிய அழுக்கு பெயர்ந்து வரும். தெளிந்த நீர் வரும்வரை நிறுத்தலாகாது.

சூடு மிதித்தபின் பதரும் தூசும் வெளித்தகடுகளை அடைத்திருக்கும். அவற்றை எஞ்சின் பக்கமிருந்து முன்புறமாக மெதுவாகக் கழுவுக. வேகமான நீர் தகடுகளை மடக்கிவிடும். வெடித்த இறப்பர்க் குழாயையும் தளர்ந்த விசிறிப் பட்டியையும் அன்றே மாற்றுதல் நன்று. சூடேறுகிறதென்று வெப்பநிலைநிறுத்தியைக் கழற்றி எறிவோர் உளர்; அது மருந்தன்று, எஞ்சின் எப்போதும் குளிர்ந்தோடித் தேயவே வழியாகும்.

ஓட்டத்தில் நீர் குறைந்து எஞ்சின் கொதித்தால், உடனே குளிர்நீர் ஊற்றலாகாது, வார்ப்பிரும்பு பிளந்துவிடும். வடித்தெடுத்த பழைய கூலன்று இனிப்புச் சுவையுடையதாயினும் நஞ்சாகும். அதனை வாய்க்காலிலோ, மாடும் நாயும் நீர் குடிக்கும் இடத்திலோ ஊற்றாது, மூடிய கலத்திற் சேர்த்து வைத்தல் வேண்டும்.