காபூல் வழியாகக் காத்மண்டு

1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து ஒரு பஸ் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. ‘இந்தியாமேன்’ என்று பெயர். நடத்தியவர் பேடி காரோ-ஃபிஷர். ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபின் ஐரோப்பா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று சாலையிலேயே உருண்டு, ஜூன் தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மேற்கத்திய இளைஞர்கள் பழைய வேன்களிலும் உள்ளூர் பஸ்களிலும் லாரிகளிலும் இதே திசையில் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வழிக்கு ‘ஹிப்பி தடம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளை எங்கே கண்டாலும் எடுத்து வாசித்துவிடுவேன். பெரும்பாலும் கதை இஸ்தான்புல்லில்தான் சூடுபிடிக்கும். நீல மசூதிக்குப் பக்கத்தில் சோல்பான் சகோதரர்கள் 1957இல் ‘லாலே’ என்றோர் உணவகம் திறந்தார்கள். அங்கே கிடைத்த புட்டிங்கில் மயங்கிய பயணிகள் அதை ‘புட்டிங் ஷாப்’ ஆக்கிவிட்டார்கள். அதன் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. டெல்லி போகும் வேனில் இடமிருக்கிறது, பெட்ரோல் செலவில் பங்கு தந்தால் போதும் என்று ஒரு சீட்டு. நான் முன்னால் போகிறேன், காபூலில் பார்க்கலாம் என்று இன்னொன்று. இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்கள், எந்த எல்லையில் கெடுபிடி அதிகம், எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி இல்லை என்று போகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். போஸ்பரஸின் மேல் முதல் பாலம் 1973இல்தான் திறந்தது. அதுவரை ஐரோப்பாவை விட்டு ஆசியாவில் கால்வைக்கப் படகேற வேண்டும். வீட்டுக் கடிதங்கள் அடுத்த பெரிய ஊரின் தபால் நிலையத்தில் காத்துக்கிடக்கும்.

டோனி வீலரும் மவ்ரீனும் 1972இல் 65 பவுண்டுக்கு வாங்கிய வேனில் லண்டனிலிருந்து புறப்பட்டவர்கள். வேனைக் காபூலில் விற்றுவிட்டு, சிட்னி போய்ச் சேர்ந்தபோது கையில் மிச்சம் 27 சென்ட். எப்படிப் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாமல் அடுத்த ஆண்டே சிறிய வழிகாட்டி நூலொன்றை அச்சிட்டார்கள். ‘லோன்லி பிளானட்’ பதிப்பகம் பிறந்தது அப்படித்தான்.

இந்த வழி திறந்திருந்ததற்கு அந்த இளைஞர்களின் துணிச்சல் மட்டும் காரணமில்லை. பனிப்போரில் ஆப்கானிஸ்தானைத் தம் பக்கம் இழுக்க இரு வல்லரசுகளும் போட்டி போட்டுச் சாலை அமைத்தன. ஹெராத்திலிருந்து காந்தஹார் வரை சோவியத் சாலை, அங்கிருந்து காபூல் வரை அமெரிக்கச் சாலை. அந்தச் சாலைகளில் வந்தவர்கள் காபூலின் சிக்கன் தெருவில் ஆட்டுத்தோல் கோட்டு வாங்கினார்கள், பாமியானில் 55 மீட்டர் புத்தர் சிலையின் தலைக்கு மேலே ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். பிறகு கைபர் கணவாய், லாகூர், டெல்லி, காசி; கடைசியில் காத்மண்டுவின் ஃப்ரீக் தெரு. அங்கே 1973 வரை அரசு உரிமத்தோடு கஞ்சாக் கடைகள் நடந்தன. போதையில் அழிந்த பிள்ளைகளும் உண்டு. நினைவுக்குறிப்புகள் அதை அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

1979இல் ஈரானில் புரட்சி. அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள். தடம் அறுந்தது. பயணிகளுக்கு அது இளமைக்கால நினைவாக நின்றுவிட்டது. ஹெராத்தில் அவர்களுக்குத் தேநீர் ஊற்றியவருக்கும் காந்தஹாரில் அறை கொடுத்தவருக்கும் அன்று தொடங்கியது பல பத்தாண்டுப் போர். பாமியான் புத்தர்கள் 2001இல் தகர்க்கப்பட்டபோது, மேலே ஏறி எடுத்த பழைய படங்களை உலகம் தேடிப் பார்த்தது. அந்தப் படிகளில் வழிகாட்டிச் சென்றவர் என்ன ஆனார் என்பதைத்தான் நான் வாசித்த எந்தக் குறிப்பிலும் காணவில்லை. வழியோரத்து மனிதர்கள் அவற்றில் ஒரு புன்னகையோடு வந்து மறைகிறார்கள், பெயர்கூட இல்லாமல்.

எதிர்த்திசையில் போனவர்களின் கதையும் அப்படியே மறக்கப்பட்டது. பிரிட்டனில் வேலை பார்த்த பாகிஸ்தானியர்கள் குடும்பத்தோடு காரிலும் வேனிலும் இதே சாலையில் ஊருக்குப் போய் வந்தார்கள். வினோபாவின் வழிவந்த சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும் 1962இல் டெல்லி காந்தி சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். அணு ஆயுதம் வேண்டாம் என்று கேட்பதற்காகப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக மாஸ்கோ, பாரிஸ், லண்டன் போய், அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து, வாஷிங்டன் வரை. கையில் ஒரு காசு கிடையாது. சோறும் படுக்கையும் வழியில் எதிர்ப்பட்டவர்கள் கொடுத்தது. கருங்கடல் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்ணொருத்தி நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தாள். நான்கு அணு வல்லரசுகளின் தலைவர்களுக்கும் ஆளுக்கொன்று. குண்டு போடத் தோன்றினால் முதலில் ஒரு தேநீர் குடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள் என்றாள். சிக்கனப் பயணம் என்று பேசுகிறவர்கள் இந்த இருவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. 1962இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் பர்மாவின் தரைவழி அடைபட்டது. ஆஸ்திரேலியா வரை போக நினைத்தவர்கள் பலர் விமானம் ஏறினார்கள். காசில்லாதவர்கள் சிலர் சென்னைக்கு வந்து கப்பலேறினார்கள். முதலில் ‘ரஜூலா’, பிறகு ‘சிதம்பரம்’. நாகப்பட்டினத்தைத் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும் அந்தக் கப்பல்களில், மலேயாவுக்குப் போய்வந்த நம் குடும்பங்களோடு நீண்ட முடிக்காரர்களும் கீழ்த்தட்டில் பாய்விரித்தார்கள். 1985இல் ‘சிதம்பரம்’ நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. அந்தக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், டிக்கெட் கொடுத்தவர்கள், அவற்றில் பயணம் செய்தவர்கள் சென்னையிலும் நாகையிலும் இன்னும் சிலராவது இருப்பார்கள். இன்று அவர்களுக்கு அறுபது, எழுபது, எண்பது வயது. உங்கள் தெருவில் அப்படியொரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.