கல்லறை மதிலுக்கு வெளியே

ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் வருடத்து ஜெபப் புத்தகத்தில், அடக்க ஆராதனை தொடங்கும் இடத்திலேயே ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாதவர், சபையிலிருந்து விலக்கப்பட்டவர், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் இந்த ஆராதனையை நடத்தக் கூடாது. மிஷனெரிமார் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்த முறைமையோடு அந்தக் குறிப்பும் சேர்ந்தே வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பும் இதே தடையை விதித்தது. மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவருக்குக் கோயில் மணி அடிக்காது. பெட்டி கோயிலுக்குள் போகாது. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே குழி வெட்டிய ஊர்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, எத்தனை வருஷம் கழிந்தாலும், அந்தக் குழியை யாராவது ஒருவர் ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார்.

செத்தவருக்கே இந்த நிலை என்றால், உயிரோடு இருப்பவர் "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று யாரிடம் வாய் திறப்பார்?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். தலைப்பிள்ளை பெற்று வந்தவர், பிள்ளையைத் தூக்க மாட்டார். தலை வாராமல், பால் கட்டிய நெஞ்சோடு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டில் பாய் விரித்து ஜெபக் கூட்டம் நடந்தது. "ஏட்டி, கர்த்தரை நம்புனவளுக்கு என்னட்டி கவலை? எந்திச்சு முகத்தக் கழுவு" என்றார் ஒரு பாட்டி. அவர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான். உபதேசியார் எண்ணெய் பூசி ஜெபித்தார். தேறவில்லை என்றதும் உபவாச ஜெபம் வைத்தார்கள், அக்காவையும் சேர்த்து. ஏற்கெனவே சோறு இறங்காமல் எலும்பாகிப்போன உடம்புக்கு உபவாசம்! அதற்கும் தேறவில்லை. பிறகு குசுகுசுப்பு தொடங்கியது: எதையோ அறிக்கை செய்யாமல் மறைக்கிறாள், விசுவாசம் குறைந்துபோனது, பிசாசு இடம் பிடித்துவிட்டது.

வியாதியோடு குற்றவாளிப் பட்டமும் சேர்ந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. அவர்கள் மடியில் விரித்திருந்த வேதப் புத்தகத்திலேயே வேறொரு வழி இருந்ததே! கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி கண்ட எலியா, அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்துச் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை, பாவ அறிக்கை கேட்கவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். என்ன நடந்தது என்ற விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் மெல்லிய சத்தத்தில். 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. ஆறுதலான ஒரு கடைசி வரிகூட அதற்கு இல்லை. அப்படியே அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதிகளை வைத்து எங்கள் பீடத்தில் அந்நாளில் ஒரு பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இத்தனைக்கும் திருச்சபையின் இன்னொரு கை வேறு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மிஷன் ஆஸ்பத்திரி 1950-களிலேயே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல், குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்க வேண்டும் என்பது அங்கே முறை. லக்னோவில் மிஷனெரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1950-இல் நூர் மன்சில் என்ற மனநல மையத்தை நிறுவினார். மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது கிராமத்துக் கோயிலுக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது.

இன்று சட்டங்கள் மாறியிருக்கின்றன. 1983-இல் வந்த கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பில் பழைய அடக்கத் தடை இல்லை. 1992-இன் மறைக்கல்வி நூல், கடும் மனக் கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவருடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தியாவில் 2017 மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைப் பராமரிப்பதும் அரசின் கடமை என்கிறது.

மனிதர்களும் மாறியிருக்கிறார்கள். சமீபத்தில் ஒரு வீட்டுக்குச் சபை ஐயர் ஜெபிக்க வந்தபோது நானும் இருந்தேன். படுத்திருந்த மருமகளிடம் அவர் வேத வசனத்தை முதலில் எடுக்கவில்லை. "தூக்கம் வருதாம்மா? விடியுமுன்னே முழிப்புத் தட்டுதா? சாப்பாடு ருசிக்குதா?" என்று கேட்டார். சுருக்கமாக ஜெபித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் அந்தப் பெண்ணின் மாமியாரோடு நின்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டாருக்கு மறுபடி மறுபடி ஞாபகப்படுத்தியதும் அவர்தான்.

கறுத்த எண்ணங்களோடு மல்லுக்கட்டவும் இப்போது சொல்லித் தருகிறார்கள். மருத்துவராக இருந்து பிரசங்கியான மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ், 1965-இல் வந்த தன் நூலில் 42-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்கிறார். அந்தச் சங்கீதக்காரன் தன் மனம் சொல்வதை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று மனத்தையே திருப்பிக் கேட்கிறான். "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வந்தால், அது உண்மையா என்று விசாரிக்கலாம். ஏறக்குறைய அதே காலத்தில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையும் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் பழக்குகிறது. ஆனால் நோய் முற்றியவருக்கு அந்த விசாரணைக்கும் தெம்பு இருக்காது. அவருக்கு முதலில் வேண்டியது அடையும் தண்ணீரும் தூக்கமும் மருந்தும்தான்.

இன்றைய நிலை எல்லாம் நன்று என்று சொல்ல மாட்டேன். மேடையிலிருந்து "இந்த நிமிஷமே விடுதலை, மாத்திரையைத் தூக்கி எறி" என்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பாவம் என்றே சொல்வேன். அந்தப் பேச்சை நம்பி மருந்தைத் திடீரென விட்டவர்கள் படும் பாட்டை வீட்டார் அறிவார்கள். காலையில் போனில் வரும் வாக்குத்தத்தப் படங்கள் போதும் என்று நினைத்து, வீடு தேடிப் போகும் வழக்கத்தையும் விட்டுவருகிறோம். அந்த அக்காவைப் பழிபேசிய பெண்களேதான் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள், இரவில் ஒருத்தி கூடவே படுத்துக்கொண்டாள். அக்கா பிழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

ஊழியக்காரர்களோ தங்கள் மனச்சோர்வைப் பற்றி இன்னும் வாய் திறப்பதில்லை. 1856-இல் லண்டனில் போதகர் ஸ்பர்ஜன் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் நொறுங்கிப்போன அவர், பின்னாளில் தன் மாணவர்களிடம் தன் மனச்சோர்வைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். நம் ஐயர்மாரில் எத்தனை பேர் பேசுவார்கள்?

ஞாயிறுதோறும் ஜெபக் குறிப்புச் சீட்டுகள் வாசிக்கப்படுகின்றன. சிறுநீரகக் கல், விசா, பரீட்சை, நிலத் தகராறு என்று எல்லாம் பேர் ஊரோடு வருகிறது. மனச்சோர்வுக்கு மட்டும் "ஒரு சகோதரிக்காக" என்று பேரில்லாச் சீட்டு. அதை வாசிக்கும்போது 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் சபைக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறது.