திறப்பு யார் கையில்?

கனகராயன்குளத்திலே, கண்டி வீதியின் இருமருங்கும் உள்ள கடைகள் இரவு அடைக்கப்பெறுவதைப் பலமுறை நின்று கவனித்திருக்கின்றேன். கடைக்காரர் கதவை இழுத்து மூடுவார், ஆமைப்பூட்டைக் கொளுவுவார், திறப்பைத் திருப்பியபின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடந்தபின் மீண்டும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். திறப்பு மடியிலோ சட்டைப்பையிலோ பத்திரமாக இருக்கும். அதனை வழிப்போக்கரிடம் கொடுத்துவிட்டு வீடு செல்பவரை நான் கண்டதில்லை.

ஆயினும், அந்தக் கடையின் உண்மையான செல்வம் இன்று எங்கே இருக்கின்றது? பசளை மூடைகளும் சீமெந்துப் பைகளும் உள்ளே அடுக்கப்பட்டிருக்கின்றன, உண்மைதான். ஆனால், யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்னும் கணக்கு, வங்கியிலுள்ள பணம், மொத்த வியாபாரியுடன் செய்த கொடுக்கல் வாங்கல், வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கங்கள் ஆகிய யாவும் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் குடியேறிவிட்டன. அவற்றுக்கு இரும்புப் பூட்டு இல்லை. ஒரு சொல்லே அங்கே திறப்பு. கடவுச்சொல் என்று அதனை அழைக்கின்றோம். அச்சொல்லை எவ்வாறு காப்பது, அது காக்கின்ற கணினியை யார் பராமரிப்பது என்னும் இரண்டு வினாக்களையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் கல்வி பயின்ற ஒருவர் எமது பகுதியிலே பசளையும் கிருமிநாசினியும் விற்கும் கடை நடத்துகின்றார். சில ஆண்டுகளுக்கு முன்பு, கணினி அறிந்த இளைஞர் ஒருவர் அவருடைய கடைக்கு வேண்டியவற்றையெல்லாம் அமைத்துக் கொடுத்தார். மின்னஞ்சலைத் தொடங்கியவரும் அவரே. கணக்கு மென்பொருளை நிறுவியவரும் அவரே. கடவுச்சொற்களைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. கடவுச்சொல் மறந்துபோனால் மீட்டுக்கொள்வதற்கென்று பதியப்பெற்ற தொலைபேசி இலக்கமும் அவருடையதே. பின்னர் அவர் வெளிநாடு சென்றுவிட்டார். நல்ல பிள்ளை; ஒரு சதமேனும் களவாடியவர் அல்லர். ஆனால், ஒருநாட் காலை அந்தக் கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. கடைக்காரருக்கு அது தெரியவில்லை. இளைஞரின் பழைய தொலைபேசி இலக்கமும் பாவனையில் இல்லை. அதுவோ அறுவடை முடிந்து கமக்காரர் கடன் தீர்க்க வரும் காலம்!

“சேர், கடை என்ர பேரிலைதான் இருக்கு, திறப்பு மட்டும் என்ரையில்லை” என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாயிருந்தது. கமக்காரர்கள் தாமே வந்து தத்தம் கடனை உள்ளபடி சொன்னமையாலும், பழைய பற்றுச்சீட்டுக் கட்டுகள் சில எஞ்சியிருந்தமையாலும் கணக்கின் பெரும்பகுதி தப்பியது. மனிதரின் நேர்மை அங்கே கைகொடுத்தது. எல்லா வேளையிலும் அவ்வாறு நிகழும் என்று எவர் உறுதி கூறுவார்?

கடவுச்சொல் கணினியுலகிலே புகுந்த வரலாறு சுவையானது. 1961ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலுள்ள மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே, பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரின் தலைமையில், பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை அமைக்கப்பெற்றது. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் பாராதிருக்கும்பொருட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பெற்றது. மறு ஆண்டே, தமக்கு ஒதுக்கப்பெற்ற நேரம் போதாதென்று எண்ணிய ஆய்வாளர் ஒருவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தரும்படி கணினிக்குக் கட்டளையிட்டார். கணினியும் பணிவுடன் அச்சிட்டுக் கொடுத்தது! கடவுச்சொல்லும் அதன் திருட்டும் ஏறத்தாழ ஒரே வயதினை உடையன என்பது இதனால் விளங்கும்.

இன்றைய திருடர் கடவுச்சொல்லை இருந்து யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. அவருக்காகக் கணினியே ஊகிக்கின்றது. நான்கு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவ்வாறு அமையக்கூடியவை பத்தாயிரம் எண்களே. கணினிக்கு இஃது ஒரு கணப்பொழுதின் வேலை. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டினால் அமையும் சொற்களோ ஏறத்தாழ 20,882 கோடி. கேட்பதற்குப் பெரிய தொகைதான். எனினும் ஆற்றல் மிக்க கணினிகளுக்கு அது பெரிதன்று. அதனோடு மேலும் நான்கு எழுத்துகளைச் சேர்த்துவிட்டால், அத்தொகை 4,56,976 மடங்கு பெருகுகின்றது. கடவுச்சொல்லின் வலிமை முதன்மையாக அதன் நீளத்திலே தங்கியிருக்கின்றது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

ஆனால், நீளம் மட்டும் இருந்து, சொல் ஊகிக்கத்தக்கதாயின் பயனில்லை. மகளின் பெயர், பிறந்த ஆண்டு, கடையின் பெயர், ஒன்று முதல் ஆறு வரையான எண்களின் வரிசை ஆகியவற்றைத் திருடரின் கணினி முதலிலேயே முயன்று பார்க்கின்றது. ஆதலால், ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு சொற்களை எடுத்துக் கோத்துவிடுவது நன்று. குரக்கன், ஏணி, புதன், சங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை ஆங்கில எழுத்துகளால் எழுதினால் இருபதுக்கு மேற்பட்ட எழுத்துகள் வந்துவிடும். உங்களுக்கு நினைவில் நிற்கும், அயலாருக்குத் தோன்றாது. இந்த நான்கு சொற்களையே எடுத்துக்கொள்ள வேண்டாம்; வானொலியிலே சொல்லப்பெற்ற இரகசியம் இரகசியமாகாது.

முன்னர், கடவுச்சொல்லிலே பெரிய எழுத்தும் குறியீடும் கட்டாயம் கலந்திருக்க வேண்டும் என்றும், சில மாதங்களுக்கொருமுறை அதனை மாற்றியே தீரவேண்டும் என்றும் கூறுவர். அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவகம் 2017ஆம் ஆண்டிலே இந்த அறிவுரையைத் திருத்திக்கொண்டது. அடிக்கடி மாற்றும்படி நெருக்கினால் மனிதர் பழைய சொல்லின் ஈற்றிலே ஓர் எண்ணைச் சேர்த்து நிறுத்திக்கொள்கின்றனர். நீளமான சொல்லை வைத்துக்கொண்டு, அது வெளிப்பட்டுவிட்டது என்று ஐயம் எழுந்தவுடன் தாமதியாது மாற்றுவதே சிறந்தது.

வீட்டுக்கும் கடைக்கும் களஞ்சியத்துக்கும் ஒரே திறப்பு வைத்திருப்பவரை நாம் விவேகி என்று சொல்வோமா? ஓரிடத்திலே களவுபோன கடவுச்சொல்லைத் திருடர் வேறு நூறு இடங்களிலே முயன்று பார்ப்பர். ஆகவே வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள் இருத்தல் வேண்டும். மின்னஞ்சலின் கடவுச்சொல் தனிச் சிறப்புடையது. மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி பெரும்பாலும் அதனூடாகவே செல்கின்றது. எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க இயலாதோர், கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருளைக் கையாளலாம். அல்லது ஒரு கொப்பியிலே எழுதி, வீட்டு அலுமாரியினுள்ளே காணி உறுதியோடு பூட்டி வைக்கலாம். கணினித் திரையின் ஓரத்திலே ஒட்டி வைப்பதுதான் கூடாது.

இதனோடு, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் சேர்த்துக்கொண்டால் கதவுக்கு இரண்டாவது பூட்டு இட்டதாகும். வங்கியிலிருந்து பேசுகின்றோம் என்று கூறி அக்குறியீட்டைக் கேட்பவர் எவராயினும், அவர் வங்கியினர் அல்லர் என்று துணிந்து தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

ஒரு சிறிய கவனக்குறைவு எத்துணைப் பெரிய வீட்டையும் சாய்க்கும் என்பதற்கு இங்கிலாந்திலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். ‘நைற்ஸ் ஒவ் ஓல்ட்’ என்னும் சரக்கேற்று நிறுவனம் 1865ஆம் ஆண்டிலே குதிரை வண்டிக் காலத்திலே தோன்றியது. பின்னாளில் அதன் லொறிகள் ஏறத்தாழ ஐந்நூறு. 2023ஆம் ஆண்டிலே, ஊழியர் ஒருவரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்துத் திருடர் நுழைந்தனர் என்று நம்பப்படுகின்றது. அவர்கள் நிறுவனத்தின் தரவுகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். கணக்கின்றி வியாபாரம் நடக்கவில்லை. அதே ஆண்டிலே நிறுவனம் வீழ்ந்தது. ஏறத்தாழ எழுநூறு பேர் வேலையிழந்தனர்.

இனி, இரண்டாவது வினாவுக்கு வருவோம். பூட்டு நல்லதாயினும் கதவு உக்கியிருந்தால் என் செய்வது? கணினியின் பராமரிப்பு என்பது இதுவே.

கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புவதை எங்கள் சிறுவரும் அறிவர். குளத்தை நம்பி வாழும் மக்களுக்குப் பராமரிப்பைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மாரி தொடங்குமுன்பே குளக்கட்டிலே எலிவளை உண்டா, துருசுக் கதவு இறுகியிருக்கின்றதா, வாய்க்கால் தூர்ந்திருக்கின்றதா என்று பார்ப்பர். கட்டு உடைந்தபின் மண்வெட்டியோடு ஓடுவதைப் பராமரிப்பு என்று எவரும் சொல்லார். ஆனால் கணினி விடயத்திலே நம்மிற் பலர் செய்வது அதுவே. திரை இருண்டபின் வவுனியாவுக்கு எடுத்துச் செல்கின்றோம். திருத்துநர் கேட்ட தொகையைக் கொடுக்கின்றோம். மறுமுறை இருளும்வரை மறந்துவிடுகின்றோம்.

கடைக்காரர் மட்டுமா இவ்வாறு செய்கின்றனர்? நமது அரசாங்கமே இதிலே ஒரு பாடம் கற்றது. 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதியளவில், அரச அலுவலகங்களின் மின்னஞ்சல் முறைமை, பணம் பறிக்கும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ ஐயாயிரம் மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. முறைமையை மீண்டும் இயக்க முடிந்தது. ஆனால் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களை மீட்க இயலவில்லை. அந்த நூறு நாள்களுக்கும் வேறிடத்திலே பிரதி வைத்திருக்கப்படவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் 2013ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் வேலை நிதிக் குறைவு முதலிய காரணங்களால் தள்ளிப்போயிற்று. புதுப்பித்தலும் பிரதியெடுத்தலும் ஆகிய இரண்டு சிறு கடமைகள் தவறியமையின் விளைவு இது.

மென்பொருளிலே ஓட்டைகள் காலந்தோறும் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களை அதனை ஆக்கியோர் அனுப்புகின்றனர். ஒரு காலத்தின்பின் அனுப்புவதை நிறுத்தியும் விடுகின்றனர். ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்துக்குரிய வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடித்துக்கொண்டது. உங்கள் கடைக் கணினியிலே இருப்பது எது என்று நாளைக் காலையிலேயே பாருங்கள்.

ஒரு சிறு கடைக்காரர் தமக்கென்று ஒரு கணினி வல்லுநரைச் சம்பளத்துக்கு வைத்திருக்க இயலாது. அதற்கு மாற்றாக, மாதந்தோறும் ஒரு சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு பராமரிப்பை ஏற்கும் முறை உலகெங்கும் நடைபெறுகின்றது. ஓர் ஊரின் எட்டுப் பத்துக் கடைகள் கூடி ஒரு வல்லுநரை ஒழுங்குசெய்துகொண்டால் சுமை இன்னும் குறையும். ஆயினும் வாய்ப்பேச்சோடு நில்லாது, உடன்படிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். கணக்குகள் யாவும் கடைக்காரர் பெயரிலும், மீட்புக்குரிய தொலைபேசி இலக்கம் கடைக்காரருடையதாகவும் இருத்தல் வேண்டும். வல்லுநருக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடாது, அவருக்கெனத் தனி நுழைவு ஒன்றை அமைத்து, அவர் விலகும் நாளிலே அதனை நீக்கிவிடுங்கள். மென்பொருளை எந்நாளிலே புதுப்பிப்பார், பழுதுற்றால் எத்தனை மணி நேரத்துள் வருவார் என்பனவும் எழுத்திலே இருக்கட்டும். அவர் எத்துணை நல்லவராயினும் இவற்றைக் கேட்பதற்குக் கூசவேண்டாம். என் மாணவருடைய கடையை அமைத்தவரும் நல்லவரே அன்றோ?

பிரதியைப் பற்றி இன்னும் ஒரு சொல். கணக்கின் பிரதிகள் மூன்று இருக்கட்டும். அவை இருவகைச் சாதனங்களிலே இருக்கட்டும். அவற்றுள் ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் பிரதியையும் திருடர் பூட்டிவிடுவர். எடுத்த பிரதி உண்மையிலே திறக்கின்றதா என்று இடைக்கிடை திறந்து பார்த்தலும் வேண்டும்.

இதனை வன்னி மக்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுமா? 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளிலே, அரிசியை விட்டுச் சென்றோரும் ஆவணப் பையை விடவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாள் ஆகியவற்றைப் பொலித்தீனிலே சுற்றி மார்போடு அணைத்துச் சென்றனர். அப்பையை இழந்தோர், தம்முடைய காணி தம்முடையதே என்று காட்டுவதற்கு அலுவலகம் அலுவலகமாக நடந்ததை நான் கண்டேன். பாடசாலையிலே அனுமதி கோரி வந்த எத்தனையோ பெற்றோர், பிள்ளையின் வயதைக் காட்ட ஒரு தாளுமின்றி என் மேசை முன் நின்றனர். முன்கூட்டியே வேற்றூர் உறவினரிடம் ஒரு பிரதி கொடுத்து வைத்திருந்தோர் விரைவிலே மீண்டனர். அந்த அனுபவம் நமக்குக் கற்பித்ததைக் கணினிக்கும் பொருத்திக்கொண்டாற் போதும்.

அவ்வாறிருந்தும் தீங்கு நேர்ந்துவிட்டால், நாணி மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்கு அறிவியுங்கள். 2006ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற ‘ஸ்ரீலங்கா சேர்ட்’ என்னும் அமைப்பை 101 என்னும் இலக்கத்திலே அழைத்து ஆலோசனை பெறலாம். பிறருடைய கணினியிலே அனுமதியின்றிப் புகுதல், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஆகவே பொலிசாரிடமும் முறையிடலாம்.

என் பழைய மாணவர் இப்பொழுது தம் கடவுச்சொற்களைத் தாமே தெரிந்தெடுத்திருக்கின்றார். வெள்ளிக்கிழமை தோறும் கணக்கின் பிரதி ஒன்றை எடுத்து வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றார். இரவிலே ஆமைப்பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை. நேயர்களே, நீங்களும் இன்றிரவு கடையைப் பூட்டியபின், அந்த மற்றத் திறப்பு யார் கையில் இருக்கின்றது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.