கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் பனியன் கம்பெனித் தொழிலாளி கால் கிலோ துவரம் பருப்பு கேட்டால், நாம் யோசிக்காமலே விலை சொல்கிறோம். பின்னக் கணக்கு நமக்குக் கைப்பழக்கம். ஆனால் 'நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா?' என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எட்டில் ஒன்றுதான் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் பலர்.

காரணம், பிள்ளைகள் முதலில் கற்பது முழு எண்களை. அங்கே நான்கைவிட எட்டு பெரிது. அதே வழக்கத்தைப் பின்னத்திலும் பின்பற்றுகிறார்கள். 0.5 கிலோவைவிட 0.250 கிலோ அதிகம் என்று நினைப்பதும் இப்படித்தான். ஐந்தைவிட இருநூற்றைம்பது பெரிதல்லவா!

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்கள். அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி வரை வாய்ப்பாடாகச் சொன்னார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்ததால் ஓர் அணா என்றாலே வீசம். 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு காசு என்றானது. மெட்ரிக் எடையும் வந்தது. கணக்கு எளிதாயிற்று; வாய்ப்பாட்டிலிருந்து பின்னம் விலகியது.

கடைப் பழக்கம் இருந்தால் பள்ளிக் கணக்கு தானே வந்துவிடுமா? வராது என்கிறது 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டப்ளோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைச் சோதித்தனர். விலையையும் மீதியையும் மனக்கணக்காகச் சொன்னவர்களில் பலர், ஏட்டுக் கணக்கில் தடுமாறினர். சந்தைப் பழக்கமில்லாத பள்ளிப் பிள்ளைகளோ ஏட்டில் தேறி, சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இரண்டையும் இணைக்க நம்மால் முடியும். ஒரு கிலோ சர்க்கரையை நான்கு பொட்டலமாகவும், இன்னொரு கிலோவை எட்டாகவும் கட்டிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எது சிறிது என்று கையே சொல்லும். பிறகு 'கால் கிலோ, 1/4, 250 கிராம், 0.250' என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். கிலோ 160 ரூபாய் என்றால் கால் கிலோ 40 ரூபாய் என்பதை 160 ÷ 4 என்று எழுதட்டும். வாயில் வந்த கணக்கு தாளிலும் வர வேண்டும்.

பிள்ளையை வேலைக்கு வைக்கச் சொல்லவில்லை. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது குற்றம். பள்ளி விட்டு வந்த நம் பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். சாமான் வாங்க வரும் தொழிலாளியின் பிள்ளையிடமும் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கச் சொல்லுவோம். பீஸ் ரேட் கூலியைத் தானே சரிபார்க்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.