முதிர்தேறல்

மாலை வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் நடப்பார் மூக்கிற்கு முதலில் எட்டுவது பால் காயும் மணமாகும். அகன்ற சட்டியிற் பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்ட, நீண்ட கரண்டி கொண்டு ஒருவர் ஓயாது கிண்டிக்கொண்டிருப்பார். பால் ஒரு பகற்பொழுதிற் கெட்டுவிடும். பால்கோவாவோ சில நாள் நிற்கும். கெடுந்தன்மையதாகிய பொருளைக் காலத்தின் கையினின்று சிறிது மீட்டுக்கொள்ளும் இவ்வுபாயத்தால் எம்மூரிற் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. 2019ஆம் ஆண்டில் அப்பண்டத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இராஜபாளையத்தினின்றும் எம்மூரினின்றும் மேற்கே நோக்கினால் தோன்றும் மலைத்தொடர்களுக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு உள்ளது. பறவைக்கு அஃது அணித்தே; மனிதர்க்கோ பேரையூர், உசிலம்பட்டி, தேனி எனச் சுற்றிச் செல்லும் நெடுவழி. அங்கே எம் தாய்மாமன் பன்னீர்த் திராட்சை பயிரிடுகின்றார். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். யாம் சென்ற இரண்டாம் நாள் இரவு மழை பெய்தது. விடியலிற் கொடிப்பந்தலின் கீழ்ச் சென்று பார்த்தபோது, அறுவடைக்கு நின்ற குலைகளிற் பழங்கள் வெடித்திருந்தன. முந்தின நாள் விலை பேசிச் சென்ற வியாபாரி, அன்று அவ்விலையிற் பாதியும் தர இசைந்திலர். மறுக்க வழியில்லை, மறுநாளாயின் பழம் ஈ மொய்க்கும். மாமா ஒன்றும் பேசாமல் குலைகளை அறுப்பித்துப் பெட்டிகளில் அடுக்குவித்தார். அன்று பிற்பகல் திண்ணையிலிருந்து எம்மை நோக்கி, “ஏன் மாப்பிள்ளை, உங்க ஊர்ல பால் கெடுறதுக்கு முன்னாடி கோவாவாக் கிண்டிடுறாங்க. எங்க பழத்தை என்னதான் செய்யச் சொல்றே? வேதத்துல திராட்சரசம் திராட்சரசம்னு வாசிக்கிறீங்களே, அது மட்டும் எப்படி வருஷக்கணக்காக் கெடாம இருக்கு?” என்றார்.

விடை சொல்ல இயலாதவராய்க் கல்லூரிக்கு மீண்டோம். பின்னர் நூலகத்தில் தேடிக் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். யாம் மதுவைச் சுவைத்தறியேம். சுவைக்கும் எண்ணமும் இல்லேம். நூலால் அறிந்ததன்றி நாவால் அறிந்தது ஒன்றுமில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் நன்று.

தமிழ் பயில்வோராகலின் சொல்லிலிருந்தே தொடங்குதல் எமக்கு இயல்பு. கள், நறவு, தோப்பி, மட்டு எனப் பண்டைத் தமிழில் மதுவிற்குப் பெயர் பலவுண்டு. அவற்றுள் ‘தேறல்’ என்பது தேறுதல், அதாவது தெளிதல், என்னும் பொருளினின்று பிறந்தது. கலங்கிய கள் கிடந்து, வண்டல் அடியிற் படிய, மேலே நிற்கும் தெளிவு தேறலாகும். இத்தெளிவிற்குக் காலம் வேண்டும் என்பதையும் முன்னோர் அறிந்திருந்தனர். மலைவாழ் குறவர் நீண்ட மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன்தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறும். நிலத்திற் புதைத்து முதிரச்செய்த தேறலைக் கபிலர் பாரியின் நாட்டைப் பாடும் புறப்பாட்டிற் குறிப்பார். பாண்டியன் இளவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரரோ, யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த நறுந்தேறலைச் சொல்கின்றார் (புறம். 56). 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளினின்று வந்த இருகைச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலங்களும் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. ஆகவே இத்தாலியத் தேறல் தமிழ்நாட்டிற்கு இன்று நேற்று அறிமுகமான பொருளன்று.

மாமா சொன்ன ‘திராட்சரசம்’ என்னும் சொல்லோ, பிழிந்த சாற்றையும் புளித்து முதிர்ந்த மதுவையும் ஒன்றாக்கிவிடுகின்றது. லூக்கா சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கருத்தூன்றிப் படித்தால் இவ்வேறுபாடு விளங்கும். புது இரசம் பழந்துருத்தியைக் கிழித்துவிடும் என்பது ஆண்டு வருகின்றது. சாறு வெறுஞ்சாறாயின் துருத்தியை ஏன் கிழிக்கவேண்டும்? பழத்தோலின்மீதும் ஆலையிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் தருகின்றது. அவ்வாயு பொங்கும்போது புதுத்தோல் நெகிழ்ந்து கொடுக்கும், பழந்தோல் வெடிக்கும். பொங்கி அடங்கிய பின்னரும் சாறு பெரும்பாலும் நெடுநாள் நிற்பதில்லை. உலகிற் செய்யப்படும் திராட்சை மதுவிற் பெரும்பங்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அருந்தப்படவேண்டியதே. சிலவே முதுமையைத் தாங்கும். அச்சிலவற்றுள் ஒன்றை அறிய இத்தாலிக்குச் செல்லவேண்டும்.

அந்நாட்டின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகருக்குத் தெற்கே, மொண்டால்சினோ என்னும் குன்றூர் உளது. அதனை அடுத்த கிரெப்போ என்னும் பண்ணையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிளெமெந்தே சாந்தி என்பார் மது செய்துவந்தார். அவர் பேரர் பெரூச்சியோ பியொண்டி-சாந்தி. இவர் காலத்திற் கொடிகளை நோய்களும் பூச்சிகளும் அழித்தன. சந்தையோ விரைவில் அருந்தத்தக்க இளமதுவையே விரும்பியது. இவர் எதிர்வழியிற் சென்றார். சாஞ்சொவேசே என்னும் கருந்திராட்சையிற் சிறந்த கொடிகளைத் தெரிந்து நட்டு, வேறெதனையும் கலவாது, அதன் சாற்றை மட்டும் புளிக்கவிட்டுப் பல்லாண்டு பீப்பாய்களில் உறங்கவைத்தார். அவ்வூரில் அத்திராட்சைக்கு வழங்கிய புரூனெல்லோ என்னும் பெயரே மதுவிற்கும் ஆயிற்று. 1888ஆம் ஆண்டு விளைச்சலிற் செய்ததில் சில புட்டிகள் நூற்றாண்டு கடந்தும் அப்பண்ணையிற் காக்கப்பட்டு வந்துள்ளன.

ஒரு மது எங்ஙனம் அத்துணை ஆண்டு நிற்கும்? விடையின் முதற்பகுதி பழத்தோலில் உள்ளது. கருந்திராட்சையின் தோலிலும் விதையிலும் துவர்ப்புச் சத்து உண்டு. நெல்லிக்காய் கடித்தபின் நா இறுகுவது போன்ற உணர்வை அது தரும். சாறு தோலோடு கிடந்து புளிக்கும்போது அச்சத்தும் நிறமும் இறங்குகின்றன. இளமையில் அம்மது கடுமையாயிருக்கும் என்பர். பெரிய ஓக் மரப் பீப்பாயில் அதனை இட்டால், மரத்தின் வழியே பிராணவாயு மிக மிகச் சிறிதாக உட்புகுகின்றது. அதனால் துவர்ப்புத் துகள்கள் ஒன்றோடொன்றும் நிறத்தோடும் பிணைந்து பருத்து, நாளடைவில் வண்டலாய்ப் படிகின்றன. துவர்ப்பு மென்மையாகின்றது, மாணிக்கச் செந்நிறம் மெல்ல மெல்லச் செங்கல் நிறமாகின்றது, பழமணம் மாறிக் காய்ந்த இலை, தோல், மசாலைப் பொருள் முதலியவற்றின் மணம் தோன்றுகின்றதாம். இயற்கையான புளிப்பு மிக்கிருத்தலால் மது கெடாது நிற்கின்றது. நம் முன்னோர் ‘தேறல்’ என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம் என்று வியந்தோம்.

இன்றைய இத்தாலியச் சட்டப்படி, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் சனவரி முதல் நாளுக்கு முன் புரூனெல்லோவை விற்றல் கூடாது. அதனுள் இரண்டாண்டேனும் மரத்திற் கிடக்கவேண்டும். ‘ரிசெர்வா’ எனும் சிறப்பு வகைக்கு மேலும் ஓராண்டு. ஒரு ஹெக்டேரில் 8 டன்னுக்கு மேற்பட்ட பழத்தை இம்மதுவிற்குக் கொள்ளுதலும் ஆகாது. கிரெப்போவில் ரிசெர்வா எல்லா ஆண்டும் செய்யப்படுவதில்லை. விளைச்சல் மனத்திற்கு நிறைவளித்த ஆண்டுகளில், இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட கொடிகளின் பழத்தைக் கொண்டே செய்வர்.

பெரூச்சியோவின் மகன் தன்கிரெதி செய்த இரண்டு காரியங்கள் எம் உள்ளத்தைக் கவர்ந்தன. பழம்புட்டிகளின் தக்கை நாட்பட்டால் நலியும். மதுவும் சிறிது வற்றும். 1927இல் அவர் முதுபுட்டிகளைத் திறந்து, அதே ஆண்டு மதுவைக் கொண்டே குறையை நிரப்பிப் புதுத்தக்கை இட்டார். ஒரு புட்டியை ஈந்து மற்றவற்றைக் காக்கும் முறை இது. பின்னர், இரண்டாம் உலகப் போரின் முனை 1944இல் டஸ்கனியை நெருங்கியபோது, அவரும் அவர் மகன் பிராங்கோவும் பழம்புட்டிகளை ஒரு சுவருக்குப் பின் வைத்துக் கட்டி மறைத்துவிட்டனர். படைகள் வந்து போயின, புட்டிகள் எஞ்சின. 1969இல் இலண்டனில் இத்தாலியத் தூதரகத்தில் எலிசபெத்து அரசியார்க்கு அளித்த விருந்தில் 1955ஆம் ஆண்டு ரிசெர்வா பரிமாறப்பட்டது. இம்மதுவின் பெயர் உலகெங்கும் பரவுதற்கு அதுவும் ஒரு காரணம். பிராங்கோ 2013இல் காலமானார். சில ஆண்டுகளிற் பண்ணையின் பெரும்பங்கு பிரெஞ்சுக் குழுமம் ஒன்றின் கைக்குச் சென்றது. ஒரு குடும்பம் நான்கு ஐந்து தலைமுறை காத்ததையும் காலம் கைமாற்றிவிடுகின்றது!

இனி மாமாவின் தோட்டத்திற்கு வருவோம். பன்னீர்த் திராட்சை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்திற்குக் கொணரப்பட்டது என்பர்; மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மேனாட்டுப் பெயர். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது. அஃது உண்பதற்கென்றே அமைந்த பழம். துவர்ப்பு அதனிடம் குறைவு. மணமே அதன் செல்வம். அம்மணமோ மது முதிருங்கால் முதலில் அகல்வதாகும். மேலும், இத்தாலியிற் பனிக்காலத்திற் கொடி இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரு முறையே காய்க்கும். கம்பத்திலோ பனியுறக்கம் இல்லை. கவாத்துச் செய்த நான்கு மாதத்திற் பழம் அறுக்கலாம். ஒரு தோட்டம் மாறி ஒரு தோட்டமாக ஆண்டு முழுதும் அறுவடை நடக்கும். இதுவே கம்பத்தின் பெருமை. முதிர்தேறலை நினைக்குங்கால் இதுவே தடையும் ஆகின்றது. நிலவறையின் குளிர்ச்சியும் ஈண்டு இயற்கையாய்க் கிட்டாது. எம் பக்கத்துச் சித்திரை வெயிலில் எந்தப் பீப்பாயும் உறங்காது.

எனினும் வெப்ப நாட்டில் இஃது இயலாததென்று கூறுதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ் என்னும் ஊர்ப்பக்கத்தில், இத்தாலியரும் இந்தியருமாகிய மூன்று குடும்பத்துச் சகோதரர் கூடி ஒரு மது ஆலை நிறுவியுள்ளனர். இத்தாலிய மொழியிற் சகோதரர் எனப் பொருள்படும் ‘பிரதெல்லி’ என்பது அதன் பெயர். டஸ்கனியினின்று வந்த வல்லுநர் ஒருவர் வழிகாட்ட, சாஞ்சொவேசே முதலிய கொடிகளை நட்டு, ஓக் பீப்பாயில் முதிர்த்த செம்மதுவும் செய்கின்றனர். அப்பக்கத்தில் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து ஒரு முறையே பழம் எடுப்பர். கொடி காய்க்கக்கூடிய மற்றொரு போகத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகின்றனர் என்பதை ஈண்டு நோக்குக. குளிரூட்டிய அறைக்கும், பீப்பாய்க்கும், விடப்பட்ட போகத்திற்கும் முதலீடு அவர்களிடம் உண்டு. எம் மாமாவிடம் இருப்பது ஓர் ஏக்கரும் கடன் சீட்டுமே.

பெருநிலக்கிழார்க்கும் முதலாளிகட்குமே காத்திருத்தல் கைகூடுமோ என்று சோர்ந்திருந்த வேளையில்தான் பார்பரெஸ்கோ என்னும் சிற்றூரின் செய்தி கிடைத்தது. அது வட இத்தாலியின் பியத்மோந்து மாநிலத்தில் உள்ளது. நெப்பியோலோ என்னும் திராட்சையில் நெடுநாள் நிற்கும் செம்மது ஆண்டுச் செய்யப்படும். 1894இல் தொமித்சியோ கவாத்சா என்னும் ஆசிரியர் அவ்வூர்க் குடியானவரைச் சேர்த்து ஒரு கூட்டுறவு மதுச்சாலை தொடங்கினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. 1958இல் அவ்வூர்ப் பங்குக் குருவாகிய பியோரினோ மரெங்கோ, சிறு நிலம் உடைய 19 குடியானவரைக் கூட்டி அதனை மீண்டும் நிறுவினார். தனித்தனியே விற்றால் பிழைக்கவொண்ணாது என்பதே அவர் கண்டது. கட்டடம் இல்லாமையால் முதல் மூன்றாண்டு மதுவும் கோயிலின் நிலவறையிலேயே செய்யப்பட்டது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் உள்ளன; இத்தாலியின் சிறந்த கூட்டுறவு மதுச்சாலைகளுள் ஒன்றாக அதனை மதிக்கின்றனர்.

இவற்றையெல்லாம் மாமாவிற்குத் தொலைபேசியில் விரித்துரைத்தோம். மதுச்சாலை வைக்குமாறு யாம் கூறினோமல்லேம்; அவர் வினாவிற்கு விடை கூறினோம், அவ்வளவே. மழையும் வியாபாரியும் வருமுன் பழத்தை வேறொன்றாக்கி வைத்திருக்க யாருக்கு இயலுகின்றது என்பதே அவருக்குக் காதில் விழுந்தது போலும். “பத்தொன்பது பேரா? எங்க தெருவிலேயே அதுக்கு மேல இருக்கோம். ஆனா ஒரே கிழமையில கவாத்துப் பண்ணலாம்னு சொன்னா நாலு பேர் ஒத்துவர மாட்டாங்க,” என்று நகைத்தார். சற்று நேரங்கழித்து, “சரி மாப்பிள்ளை, அஞ்சு வருஷம் பூட்டி வைக்கிறவங்க அதுவரைக்கும் கஞ்சிக்கு என்ன செய்றாங்க?” என்றார்.

நல்ல வேளையாக அதற்கும் விடை அறிந்திருந்தோம். மொண்டால்சினோவில் எல்லாப் பழத்தையும் ஐந்தாண்டு பூட்டிவைப்பதில்லை. அதே சாஞ்சொவேசேயின் ஒரு பகுதியை ‘ரோஸ்ஸோ’ என்னும் இளமதுவாக்கி, அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே விற்கத் தொடங்குகின்றனர். அப்பணத்தில் இல்லம் நடக்கின்றது; எஞ்சியது நிலவறையில் முதிர்கின்றது. இதனைச் சொன்னதும் மாமா, “அப்ப எல்லாத்தையும் இல்ல, பாதியைத்தான் வைக்கிறாங்க,” என்று தமக்குள்ளே இருமுறை சொல்லிக்கொண்டார். மேலும் ஏதோ கேட்கத் தொடங்கினார். அதற்குள் பெட்டி ஏற்றும் வண்டி வந்துவிட்டதென்று யாரோ அழைக்கும் குரல் கேட்டது. “அப்புறம் பேசுறேன்,” என்று வைத்துவிட்டார்.